1330 என்னும் வேலி

குமரிமுனையில் பகவதியம்மனைத் தரிசித்துக் கடற்கரைக்கு வருவோரின் கண்ணில் முதலில் நிறைவது, கடற்பாறைமேல் நிற்கும் திருவள்ளுவர் சிலை. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பெற்ற அதன் மொத்த உயரம் 133 அடி, அதிகாரத்துக்கு ஓரடி. 38 அடிப் பீடம் அறத்துப்பாலைக் குறிக்கும். 95 அடிச் சிலை, பொருளின் 70 அதிகாரங்களையும் இன்பத்தின் 25 அதிகாரங்களையும் குறிக்கும்.

அதிகாரத்துக்குப் பத்தாகக் குறட்பாக்கள் 1330. இவ்வெண்ணுக்குத் தனி அழகு உண்டு. எலுமிச்சம்பழங்களை முக்கோணக் கோபுரமாக அடுக்கினால் உச்சியில் 1, அதன்கீழ் 3, பின் 6, 10, 15 என விரிந்து, பத்தொன்பதாம் அடுக்கில் 190 பழங்கள் அமையும். அனைத்தையும் கூட்டினால் சரியாக 1330! இருபத்தொரு வகை மலர்களில் மூன்று வகையைத் தேர்ந்தெடுக்கும் வழிகளும் 1330 தாம்.

இவை எண்ணின் இயல்புகள். புலவரின் உட்பொருள் என்று கொள்ள வேண்டுவதில்லை. அவர் நூலில் விளங்கும் கணக்கு எளியது: அதிகாரந்தோறும் பத்து. கோபுரத்தில் ஒரு பழம் குறைந்தால் பள்ளம் தெரியும். அவ்வாறே, ஏட்டைப் பெயர்த்தெழுதுகையில் ஒரு குறள் விடுபட்டாலும் மிகுந்தாலும் அந்தப் பத்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். நூலுக்கு எண்ணே வேலி. நாமம் சொல்லும் மனம் நழுவாதிருக்க, மாலையின் 108 மணிகளும் அத்தகைய வேலியே.