கண்ணீருக்கு விலை கட்டிய படம்

2009 பிப்ரவரியில் ஆஸ்கார் மேடையில் நின்று, "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் மொழிந்தார் ஏ.ஆர். ரஹ்மான். அன்று மகிழாத தமிழ் முஸ்லிம் இல்லம் இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆயின், இசையைப் புகழ்ந்த வாயால் படத்தையும் சேர்த்தே புகழ்ந்துவிட்டோம். எட்டு விருதுகள் பெற்ற 'ஸ்லம்டாக் மில்லியனர்' மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு.

தலைப்பில் நாய் என்ற சொல் வந்ததற்காகச் சிலர் கொதித்தெழுந்தனர். நம் வறுமையை வெள்ளைக்காரர் விற்றுவிட்டார் என்று வேறு சிலர் வெகுண்டனர். இவை என் வழக்கல்ல. பம்பாயில் சாக்கடை இருக்கிறது; இருப்பதைக் காட்டியவரைக் கோபித்துப் பயனென்ன?

ஜமால் மாலிக் என்னும் குடிசைச் சிறுவன், வளர்ந்தபின் வினாடி வினாப் போட்டியில் இரண்டு கோடி ரூபாய் வெல்கிறான். எவ்வாறு? அவன் பட்ட துன்பங்களே கேள்விகளுக்கு விடைகளாகின்றன! கலவரக் கும்பல் அவன் தாயைக் கொல்கிறது. அந்த வேளையில் அவன் கண்ட இராமர் வேடச் சிறுவன், இராமர் கையில் இருப்பது என்ன என்ற கேள்விக்கு விடை தருகிறான். பிச்சையெடுக்க வைக்கும் கும்பல் தோழனைக் குருடாக்குகிறது. அவன் பாடிய பாட்டை இயற்றியவர் யார் என்பது மற்றொரு கேள்வி.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நிகழ்ந்த கலவரங்களில் மாண்டோர் 900 பேர், அவர்களுள் முஸ்லிம்கள் 575 பேர் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. தூண்டியவர் யார், தடுக்கத் தவறியவர் யார், தண்டனை பெற்றவர் எத்தனை பேர்? அந்தப் போட்டியில் இவற்றை எவரும் கேட்கவில்லை. உம்மாவின் இரத்தத்துக்கு மகன் கையில் ரொக்கம், கணக்கு தீர்ந்தது!

இத்தனைக்கும் படம் சொல்லும் காரணம், 'எழுதப்பட்டிருந்தது' என்பதே. விதியை நம்புவது நம் ஈமானின் பகுதிதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்த தவக்குல் எங்கே, ஒருவனுக்குப் பணமுடிப்பும் காதலியும் வாய்ப்பதற்காகவே ஒரு தாய் கொல்லப்பட்டாள் என்னும் இந்தக் கதை எங்கே? ஜமால் பணத்தை நாடவில்லை, காதலி தன்னைக் காண்பாள் என்றே சென்றான் என்பர். இருக்கட்டும்; கதாசிரியர் நாடினாரே!

தொழுகைக்கென ஒரு காட்சி வருகிறது. தொழுபவன் யார்? தாதாவின் அடியாளாகிவிட்ட அண்ணன் சலீம். தொழுது முடித்துத் துப்பாக்கி எடுக்கிறான்; பின்னர் நோட்டுகள் நிரப்பிய குளியல் தொட்டியில் இறைவனின் பெருமை கூறிச் சாகிறான். நடுவே, வேலைக்குப் போய் வக்துக்குத் தொழும் ஓர் ஏழையைக் காட்ட இவர்களுக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

படப்பிடிப்பு நடந்த இடங்களுள் தாராவியும் ஒன்று. அங்கே தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்து உழைத்தவர்கள். பக்கத்திலேயே சௌராஷ்டிரத்துக் குயவர்களின் சூளைகள் புகைந்தன. இந்தத் தாராவியைப் படத்தில் தேடினேன். உழைப்பென்று கண்டது ஜமால் தேநீர் கொடுக்கும் வேலைதான். அதுவும் போட்டி நடத்துபவன் அவனை "சாய்வாலா" என்று கேலி செய்ய உதவிற்று.

நெல்லைப் பக்கத்து வாசகர்கள் தங்கள் வீட்டு முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பம்பாயிலிருந்து வந்த மணியார்டரில் எத்தனை குமர்கள் கரையேறின என்று அவர்கள் சொல்வார்கள்.