களி உருண்டை எத்தனை கிராம்? காசநோயை வெல்ல உதவும் உணவுக் கணக்கு!

பாலக்கோட்டுப் பக்கத்தில் ஒரு கூலிக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். மனைவிக்குக் காசநோய். டாக்டர் மாத்திரை கொடுக்கிறார். "நன்றாகச் சாப்பிடம்மா" என்றும் சொல்லி அனுப்புகிறார்.

அவள் என்ன சாப்பிடுகிறாள்?

"இரண்டு உருண்டை களி, கொஞ்சம் கீரை" என்பாள்.

உருண்டை என்றால் எவ்வளவு? ஒரு வீட்டில் அது தேங்காய் அளவு. அடுத்த வீட்டில் சாத்துக்குடி அளவு! "கொஞ்சம் கீரை" என்றால் ஒரு கரண்டியா, ஒரு கிண்ணமா?

இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே படித்தவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் உணவு நிபுணர். ஆஸ்பத்திரியில் "டயட்டீஷியன்" என்பார்கள்.

தராசும் நோட்டும்

சமைப்பதற்கு முன்பே அவர் மாவை எடை போடுவார். எத்தனை உருண்டை ஆயிற்று, யார் எத்தனை சாப்பிட்டார்கள், தட்டில் மிச்சம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார். நேற்றுக் காலையில் இருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

பிறகு கணக்குப் போடுவார். எந்தத் தானியத்தில் எவ்வளவு சத்து என்ற பட்டியலை ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. 1918-ம் ஆண்டு நமது குன்னூரில் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிக்கூடம்தான் இன்று அப்படி வளர்ந்து நிற்கிறது!

சென்னை சொன்ன பாடம்

1956-ம் ஆண்டு சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினார்கள். அங்கே நல்ல சாப்பாடு, ஓய்வு. இன்னொரு பிரிவினர் தங்கள் ஏழைக் குடிசையிலேயே இருந்தார்கள். மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே.

இரு பிரிவினரும் சாப்பிட்ட உணவைக் கணக்கெடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடல் எடை அதிகம் கூடியது. ஆனால் நோய் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை! 1959-ல் வெளியான இந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்ற நிலை வந்தது.

அப்படியானால் சாப்பாடு முக்கியம் இல்லையா? சிலர் அப்படித்தான் நினைத்துவிட்டார்கள். அது தவறு. "நல்ல சாப்பாடு இல்லாவிட்டாலும் மருந்து வேலை செய்யுமா?" என்பதே சென்னையில் கேட்ட கேள்வி. வீட்டில் உள்ள மற்றவர்களை உணவு காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி.

ஜார்க்கண்டில் கிடைத்த விடை

அந்தக் கேள்விக்கு 2023-ல் விடை வந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 நோயாளிகளையும் அவர்கள் வீட்டார் 10,345 பேரையும் வைத்து ஆராய்ந்தார்கள். சென்னை நிலையமும் இதில் பங்கு கொண்டது.

நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப்பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள்.

அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது! அதாவது, 100 பேருக்கு வரக்கூடிய இடத்தில் 61 பேருக்கே வந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவிகிதம் எடை கூடிய நோயாளிகளுக்குச் சாவு அபாயம் 61 சதவிகிதம் குறைவாக இருந்தது. 40 கிலோ எடை உள்ளவருக்கு 5 சதவிகிதம் என்பது 2 கிலோதான். அந்த 2 கிலோ, உயிரோடு சம்பந்தப்பட்டது!

தாய் மறைத்த முட்டை

இங்கேதான் ஒரு சிக்கல். நோயாளிக்கு என்று முட்டை கொடுக்கிறோம். தாய் அதைச் சாப்பிடுவாளா? குழந்தையின் தட்டில் வைத்துவிடுவாள். கேட்டால், "நான்தான் சாப்பிட்டேன்" என்பாள். நோட்டில் அப்படியே ஏறிவிடும். கடைசியில், "முட்டை கொடுத்தும் பயன் இல்லை" என்று ஆராய்ச்சி முடிவு வரும். பொய்க் கணக்கினால் நல்ல திட்டமே நின்றுபோகலாம்.

உண்மையைப் பக்குவமாகக் கேட்டு வாங்குவதே உணவு நிபுணரின் திறமை.

தமிழ்நாட்டில் 2022 முதல், காசநோய் கண்டவுடன் எடை பார்த்து, மிகவும் மெலிந்தவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் திட்டம் நடக்கிறது. சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆயிற்று.

பணம் வருகிறது. மாத்திரை வருகிறது. அந்த 1,000 ரூபாயில் கேழ்வரகு எவ்வளவு, கடலை எவ்வளவு, முட்டை எத்தனை என்று சொல்ல ஆள் வேண்டாமா? தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் உணவு நிபுணர் வேண்டும்.

தாய்மார்களே! நோட்டும் தராசுமாக ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், வெட்கப்படாதீர்கள். பானையில் இருப்பதை உள்ளபடி சொல்லுங்கள். குழந்தைக்குக் கொடுத்தால், கொடுத்தேன் என்றே சொல்லுங்கள். உங்கள் குழந்தைக்கும் சேர்த்து முட்டை கிடைக்க அந்த ஒரு வார்த்தை வழி செய்யும்!