கடையும் குடும்பமும் காத்த தந்தை



கொற்கையைப் பாண்டியரின் முத்துத் துறைமுகமென்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அப்பெருமையை வளர்த்தவர்கள் மன்னர்கள் மட்டுமல்லர். மூச்சடக்கி முத்தெடுத்தவர்களும் அதனை வாங்கி விற்ற வணிகர்களுமே அதற்கு அடித்தளமாயிருந்தனர். உழைத்து, வாங்கி, விற்று வாழும் அந்த மரபு இன்றும் நம் ஊர்க் கடைத்தெருக்களில் தொடர்கிறது. அத்தகைய ஒருவரை இம்மாதம் நினைவுகூர விரும்புகிறோம்.

கொற்கைக்குத் தென்மேற்கே, தாமிரபரணியைக் கடந்து சென்றால், பனையும் தேரிமணலும் நிறைந்த பகுதியில் சாத்தான்குளம் இருக்கிறது. அங்கு வாழ்ந்தவர் ஜெயராஜ். அறுபது வயதை நெருங்கியவர். மூன்று பெண்மக்களுக்கும் பென்னிக்ஸ் என்னும் ஒரே மகனுக்கும் தந்தை. 31 வயதான மகன் கடைத்தெருவில் செல்பேசிக் கடை நடத்திவந்தார். தந்தை அவருக்குத் துணைநின்றார்.

சிறு கடை வைத்திருப்போரின் வாழ்க்கையை நாம் அறிவோம். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. விடுமுறை நாளுக்கு ஊதியமும் இல்லை. கதவடைத்த நாளில் வருவாயும் அடைபட்டுவிடும். 2020 மார்ச் இறுதியில் பெருந்தொற்றின் பொருட்டு நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது, இத்தகைய இல்லங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பின்னர் குறித்த நேரம் வரை கடை திறக்க அனுமதி கிடைத்தது.

அனுமதித்த நேரத்திற்குப் பின்னும் கடை திறந்திருந்தது என்று காரணம் கூறி, 2020 ஜூன் 19 அன்று மாலை ஜெயராஜைக் காவலர்கள் அழைத்துச் சென்றனர். செய்தியறிந்த பென்னிக்ஸ் தந்தையைத் தேடிக் காவல் நிலையம் சென்றார். இருவரும் வீடு திரும்பவில்லை. மறுநாள் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஜூன் 22 இரவு மகனும், 23 காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிர் நீத்தனர்.

தமிழகமெங்கும் வணிகர்கள் கடைகளை அடைத்துத் துக்கம் காத்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரிடம், அந்நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி என்னும் பெண்மணி, இருவரும் விடிய விடிய அடிக்கப்பட்டதை அச்சத்திற்கிடையிலும் எடுத்துரைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை 9 காவல்துறையினர்மீது கொலைக்குற்றம் சாட்டியது.

வழக்கின் போக்கை விரித்துரைப்பது நமது நோக்கமன்று. நம் உள்ளத்தைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம். அண்டைவீட்டார் ஒருவரைக் காவலர் அழைத்துச் சென்றால் நம் நாவில் முதலில் எழும் சொல் யாது? "ஏதாவது செய்திருப்பார்" என்பதன்றோ? ஒருவர் உண்மையாகவே நேரங்கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தாலும், அதற்கு எந்தச் சட்டமும் அடியைத் தண்டனையாக விதிக்கவில்லை. நம் சொல் அவர் குடும்பத்தைத் தெருவில் தனியே நிறுத்திவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு இல்லமும் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. 1996 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் மேலும் விதிகளை வகுத்தது. கைது செய்த நாளும் நேரமும் குறித்த குறிப்பு எழுதப்பட்டு, அதில் குடும்பத்தாரோ ஊராரில் மதிப்புடைய ஒருவரோ சான்றொப்பமிட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி அறிவிக்க வேண்டும். காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும். வழக்கறிஞரைக் காணவும் அவருக்கு உரிமை உண்டு. காவல் நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமராக்கள் இருக்க வேண்டுமென 2020 டிசம்பர் 2 அன்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது.

சான்றொப்பமிட ஊராரில் ஒருவர் வேண்டும் என்று விதி கூறுவதை நினைவில் கொள்வோம். அந்த ஒருவர் நம்முள் யார்? பங்கில் சட்டம் படித்தவர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, நம் இளைஞர் மன்றங்களும் உண்டு. இரவு நேரத்தில் ஒரு தாய் வந்து கதவைத் தட்டினால் உடன் செல்ல இருவர் மூவராவது முன்கூட்டியே ஆயத்தமாயிருப்பார்களானால், அது பெரும் அறச்செயலாகும்.

தாய் தந்தையரைப் பேணும் கடமையைப் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கிறோம். தந்தைக்காகக் காவல் நிலையப் படியேறிய மகன் அக்கடமையையே செய்தார்.  இனி நம் ஊர்களில் எவரும் காவல் நிலையத்திற்குத் தனியே செல்லாதிருக்கட்டும். ஜெயராஜும் பென்னிக்ஸும் ஆண்டவரில் இளைப்பாறுவார்களாக.