ஒரே தெரு, ரெண்டு சட்டம்!

"இளம்பெண் மாயம்!"

இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரும் தலைப்பு இது. மொத்தம் நாலு வரி. வயது, கட்டியிருந்த உடையின் நிறம், புகார் கொடுத்தவர் யார் என்ற விவரம். கடைசியில், "போலீசார் வழக்குப்பதிவு செய்து தேடி வருகிறார்கள்". அத்தோடு சரி.

சில நாள் கழித்து ஸ்டேஷன் வாசலில் விசாரித்தால் விஷயம் வெளியே வரும். பெண் யாரோ ஒரு வாலிபரோடு போயிருப்பாள். மேஜர் ஜோடி என்றால் மாலையும் கழுத்துமாக வந்து நிற்பார்கள். "கல்யாணம் பதிவு பண்ணியாச்சா? சர்டிபிகேட் இருக்கா? சரி, போங்க." கேஸ் முடிந்தது.

அந்தப் பெண் இன்னொரு பெண்ணோடு போயிருந்தால்?

சர்டிபிகேட் கிடையாது. கிடைக்கவும் வழி இல்லை. இருவரும் மேஜர் என்றாலும், "தோழி வீட்டுக்குப் போயிருந்தாள்" என்று எழுதி, அறிவுரை சொல்லி, அழ அழ வீட்டாரோடு அனுப்பி வைப்பார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் நடப்பது பேப்பரில் வராது. வந்தால், "தோழிகள் விஷம் குடித்துச் சாவு, காரணம் தெரியவில்லை" என்றுதான் வரும்.

காரணம் தெரியாமல் இல்லை. எழுதத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. இந்த நிருபரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பாடம் படித்த நீதிபதி

மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடி வந்தார்கள். இருவரின் பெற்றோரும் "காணவில்லை" என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தேடி வந்தது. பெண்கள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம் அபூர்வமானது. "இந்த விஷயம் எனக்கே சரியாகப் புரியவில்லை" என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். மேஜரானவர்கள் தங்கள் விருப்பப்படி சேர்ந்து இருந்தால், காணாமல் போன வழக்கை முடித்துவிட வேண்டும். தொல்லை தரக் கூடாது. "குணப்படுத்துகிறேன்" என்று வைத்தியம் பார்க்கிற டாக்டர் மீது நடவடிக்கை. இவையெல்லாம் அதில் இருக்கின்றன. 2022-ல் தமிழ்நாடு போலீசாரின் நடத்தை விதியிலேயே, இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு விதி ஏறியது.

ஐகோர்ட்டு சட்டம் படித்தவர் பாடம் கேட்கப் போனார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2025 மே 22-ந் தேதி அதே ஐகோர்ட்டில் இன்னொரு வழக்கு. 25 வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவளுடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டாள். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் ஆவதற்கு வழி என்பதில்லை என்றும் எழுதினார்கள். போலீசார் நடந்துகொண்ட விதத்தைக் கண்டிக்கவும் செய்தார்கள்.

சென்னை ஐகோர்ட்டு சொன்னால் அது புதுவைக்கும் சேர்த்துத்தான். நம்ம ஸ்டேஷன் அய்யாமார்கள் அதை மறக்கக் கூடாது.

சொல்தா வீடும் பக்கத்து வீடும்

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருவோம்.

ஒரு தெரு. ஒரு வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொல்தா குடும்பம். சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் நம்மைப் போல ரேஷன் கார்டு வைத்திருக்கும் குமாஸ்தா குடும்பம். இரண்டு வீட்டிலும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஒரே மார்க்கெட்டில்தான் மீன் வாங்குகிறார்கள்.

சொல்தா வீட்டுப் பையன் இன்னொரு ஆணை விரும்பினால், பிரான்சுக்குப் போய் நகர மன்றத்தில் மேயர் முன்னால் கையெழுத்துப் போட்டு முறையாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம். 2013 மே மாதம் வந்த சட்டம் அது. ஒருவர் இறந்தால் மற்றவருக்குச் சட்டப்படி பென்ஷன் பங்கு உண்டு. அந்தச் சட்டம் கொண்டு வருவேன் என்று சொல்லித்தான் 2012-ல் ஒலாந்து அதிபர் தேர்தலில் நின்றார். அந்தத் தேர்தலில் புதுவை பிரெஞ்சுக் குடிமக்களும் ஓட்டுப் போட்டார்கள்!

குமாஸ்தா வீட்டுப் பையனுக்கு ஒன்றும் இல்லை. இருபது வருஷம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ரூம்மேட்.

இரண்டு பேரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட "நீ யாரு?" என்று கேட்பார்கள். செத்துப்போனால், பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத அண்ணன் வந்து வீட்டுக்குப் பூட்டுப் போடுவான். குடும்பப் பென்ஷன், கருணை வேலை எதையும் கேட்க முடியாது. ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "மனைவி அல்லது கணவர்" என்ற ஒரு கட்டத்தை நிரப்பாவிட்டால் எந்தப் பாரம்தான் நகரும்?

டெல்லி சொன்னது

2018 செப்டம்பர் 6-ல், இது குற்றம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 377-வது பிரிவின் பல்லைப் பிடுங்கியது. ஆனால் 2023 அக்டோபர் 17-ல் கல்யாண உரிமை கேட்டபோது ஐந்து நீதிபதிகளும் கையை விரித்தார்கள். கல்யாணம் அடிப்படை உரிமை அல்ல, சட்டம் போடுவது சட்டமன்றங்களின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும், சேர்ந்து வாழும் உறவுக்காவது அங்கீகாரம் வேண்டும் என்றார்கள். மற்ற மூவர் சம்மதிக்கவில்லை. மறு ஆய்வு மனுவும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆனது.

2024-ல் மத்திய அரசு ஒரு சிறு கதவு திறந்தது. இவர்கள் பாங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம். ஒருவரை ஒருவர் நாமினி போடலாம். ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாக எண்ண வேண்டும் என்றது. நல்லதுதான். அரிசிக்குக் குடும்பம், ஆஸ்தி என்று வந்தால் அன்னியர் என்பது என்ன கணக்கு?

சட்டசபை எதற்கு இருக்கிறது?

"நம்ம பண்பாடு என்னாவது?" என்று கேட்பார்கள். அய்யர் இல்லாமல், அக்கினி இல்லாமல் நடந்த சுயமரியாதைக் கல்யாணத்தையும் இப்படித்தான் கேட்டார்கள். அந்தத் தம்பதிகளின் பிள்ளைகள் சட்டப்படி வாரிசா என்று கோர்ட்டில் வழக்காடினார்கள். அண்ணா ஆட்சியில் 1967-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. சாட்சிக்கு நாலு பேர், ஒரு மாலை, ஒரு மோதிரம் போதும் என்றானது. 1971-ல் புதுவைக்கும் அதே திருத்தம் வந்தது. பண்பாடு எங்கேயும் ஓடிப்போகவில்லை. கல்யாண மண்டபங்களும் காலியாகக் கிடக்கவில்லை.

அதற்கு முன்னாலும் இந்த ஊர் பலவிதக் கல்யாணச் சட்டத்தோடு குடித்தனம் நடத்திய ஊர்தான். 1881 பிரெஞ்சு ஆணைப்படி குலவழக்கத்தைக் கைவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டம் இன்றும் பொருந்தாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம் என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை.

கோயிலில் நடத்து, சர்ச்சில் நடத்து என்று யாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. சர்க்கார் பதிவேட்டில் ஒரு வரி. அவ்வளவுதான் கேட்பது.

கல்யாணமும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. புதுவை சட்டசபைக்கு அதில் கை வைக்க அதிகாரம் உண்டு. டெல்லியின் ஒப்புதல் வேண்டும், அது தனி மல்லுக்கட்டு. முழுக் கல்யாணச் சட்டம் இப்போதைக்குக் கஷ்டம் என்றால், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023-ல் தமிழ்நாட்டுக்கு யோசனை சொன்ன குடும்ப உறவு ஒப்பந்தப் பத்திரத்தையாவது இங்கே பதிவு செய்ய வழி செய்யலாம்.

2014 மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தை, பழைய அச்சு மாறாமல் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சுவருக்கு அத்தனை அக்கறை காட்டிய ஊர் இது. அங்கிருந்து பாரதி பூங்காவைத் தாண்டினால் சட்டசபை. முப்பது பேரை நாம் ஓட்டுப் போட்டு உள்ளே அனுப்பியிருக்கிறோம். அதில் ஒருவராவது எழுந்து இந்தப் பேச்சை எடுப்பாரா? எடுத்தால் அவர் பெயரை இதே பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறோம்.