இசைதலும் அடங்குதலும்

இசைதல் வேறு, அடங்குதல் வேறு. இவ்வேறுபாட்டின்மேல் ஒரு மேல்முறையீடே நின்றது. 1972இல் மகாராட்டிரத்துத் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் தமக்குப் பாலியல் வன்கொடுமை நேர்ந்ததெனப் பழங்குடி இளம்பெண் ஒருவர் முறையிட்டார். செஷன்ஸ் நீதிமன்றம் விடுவித்த காவலர் இருவரை, அஞ்சி அடங்குதல் இசைவாகாது எனக் கூறிப் பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றமோ, உடலில் காயமில்லை என்பதையும் காட்டி, 1978இல் அவர்களை விடுவித்தது. இரவு வேளை, காவல் நிலையம், எதிரே சீருடை. காயம்படப் போராடினால்தான் மறுப்பு என்பது என்ன அளவுகோல்? நாம் இதனை ஏற்பதற்கில்லை.

எழுந்த கிளர்ச்சியால் 1983இல் சட்டம் திருந்தியது. காவலில் நிகழும் இக்குற்றத்தில், உறவு மெய்ப்பிக்கப்பட்டபின், தாம் இசையவில்லை எனப் பெண் சாட்சியம் அளிப்பின் நீதிமன்றம் அவ்வாறே கொள்ளல் வேண்டும். ஆயினும் முறையிட்டவரின் ஒழுக்கத்தைப் பழித்து அவர் சொல்லை ஐயுறச் செய்யும் விதியொன்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் எஞ்சியிருந்தது. (பொருளைக் களவு கொடுத்தவனின் ஒழுக்கத்தை எவரேனும் வினவியதுண்டோ?) அது நீங்க 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வேண்டியிருந்தது.