கணனி மறக்கவில்லை, நான்தான் மறந்தேன்

எழுதி வைக்காதது அழிந்துபோகும் என்று இளம் செய்தியாளர்களுக்குப் பல ஆண்டுகளாகப் போதித்து வந்தவன் நான். அந்தப் போதனையை என் சொந்த வீட்டிலேயே நான் கடைப்பிடிக்கவில்லை என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு உணர்த்தியது.

ரொறன்ரோவில் வசிக்கும் என் மூத்த சகோதரி வழுக்கி விழுந்து மருத்துவமனையில் இருந்தார். அங்கு காலை ஒன்பதரை மணி, இங்கு இரவு ஏழு மணி. அந்த வேளையில் அவருடைய மகள் கட்டிலருகே நின்று தொலைபேசியில் அவரது முகத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. அன்று பார்த்து என் பழைய கையடக்கத் தொலைபேசி செயலிழந்துவிட்டது. மகள் புதியதொன்றை வாங்கி வந்து, "அப்பா, வைஃபை பாஸ்வேட் என்ன?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் தொலைபேசிச் சமிக்ஞை சரியாக நுழைவதில்லை. மடிக்கணனி இணையத்துடன் இணைந்துதான் இருந்தது. ஆனால் அதன் கமெரா பழுதாகி ஓராண்டு கடந்துவிட்டது.

றவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருந்த கடவுச்சொல் பயன்படவில்லை. பாதுகாப்புக் கருதி அதை நானே மாற்றியிருந்தேன். மனைவியின் பிறந்த நாள், பிள்ளைகளின் பெயர்கள், முதன்முதலில் பணியாற்றிய பத்திரிகையின் பெயர் என எத்தனையோ முயன்றோம். அயல்வீட்டு இளைஞர் ஒருவர் இரண்டு வழிகளைக் கூறினார். றவுட்டரின் பின்புறமுள்ள சிறு துவாரத்தில் ஊசியைச் செலுத்தி, அதைத் தொழிற்சாலை நிலைக்கே திருப்பிவிடலாம் என்பது முதலாவது. ஆனால் சில இணைப்புகளில் அவ்வாறு செய்தால் சேவை நிறுவனம் வழங்கிய பயனர் பெயரும் அமைப்புகளும் சேர்ந்து அழிந்துவிடும். உள்ளதும் போய்விடும் என்று அஞ்சினேன். தமது வீட்டு இணைப்பைத் தருவதாகச் சொன்னது இரண்டாவது. அது நல்ல மனம். ஆனால் அந்த அலைகள் எங்கள் கூடம் வரை எட்டவில்லை.

அப்போதுதான் மகளுக்கு ஓர் எண்ணம் உதித்தது. கடவுச்சொல்லை அறியாமல் மடிக்கணனி எவ்வாறு இணைந்திருக்கிறது? அதற்குள் எங்கோ அது இருக்கத்தானே வேண்டும்!

இருந்தது. விண்டோஸ் கணனியில் கொன்ட்ரோல் பனலைத் திறந்து, நெற்வேர்க் அன்ட் ஷெயாரிங் சென்டர் என்ற பகுதிக்குச் சென்று, இணைந்திருக்கும் வைஃபையின் பெயரை அழுத்த வேண்டும். தோன்றும் சிறு பெட்டியில் வயர்லெஸ் புறொப்பட்டீஸ், அதற்குள் செக்கியூரிட்டி. அங்கே கடவுச்சொல் கரும்புள்ளிகளாக மறைந்திருக்கும். கீழேயுள்ள ஷோ கரக்டர்ஸ் என்ற கட்டத்தில் அடையாளமிட்டால் புள்ளிகள் எழுத்துகளாக மாறிவிடும். கணனியின் நிர்வாகி உரிமை உங்களிடம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அப்பிள் கணனியிலும் கீசெயின் என்ற பெட்டகத்தில் இவ்வாறே தேடிக் காணலாம். அது உங்கள் கணனியின் கடவுச்சொல்லைக் கேட்ட பின்னரே காட்டும்.

எங்கள் திரையில் எட்டு இலக்கங்கள் தோன்றின: 30101995.

இப்போது அதை மாற்றிவிட்டதால் இங்கே எழுதத் தயங்கவில்லை. 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்த நாள். அந்தக் கூட்டத்தில் நானும் மனைவியும் கைக்குழந்தையான மகளும் இருந்தோம். ஒருபோதும் மறக்க முடியாத நாள் என்று கருதியே அதைத் தேர்ந்தெடுத்திருப்பேன். திரையைப் பார்த்த மனைவி, "அதைக்கூடவோ மறந்து போனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நாளை மறக்கவில்லை. அதை எங்கே வைத்தேன் என்பதைத்தான் மறந்தேன். ஆனால் இரண்டுக்கும் இடையிலான தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவானது என்பதே எனது அச்சம்.

நான் ஏன் எழுதி வைக்கவில்லை? போர்க்காலத்தில் எங்களுள் பலர் தொலைபேசி எண்களையும் செய்தி தந்தவர்களின் பெயர்களையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதில்லை. சோதனைச் சாவடியில் பையைக் கவிழ்த்தால் அந்தக் காகிதம் இன்னொருவரின் உயிருக்கு ஆபத்தாகிவிடும். மனதில் வைத்திருப்பதே தர்மமாக இருந்தது. காலம் மாறியும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. செய்தி தந்தவரின் பெயருக்கும் வீட்டு வைஃபைக்கும் வேறுபாடு தெரியாத பழக்கம் அது.

கடவுச்சொல்லை எழுதி வைப்பது தவறு என்ற அறிவுரையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வீட்டு வைஃபையைப் பொறுத்தவரை அது பொருந்தாது என்பதே எனது கருத்து. அமெரிக்கப் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர், நினைவில் நிற்காத வலுவான கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2005 ஆம் ஆண்டிலேயே கூறினார். இணையத்தின் வழியே வரும் திருடனால் உங்கள் அலுமாரிக்குள் இருக்கும் கொப்பியைப் புரட்ட முடியாது. நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காக ஊர்ப் பெயரையும் பிறந்த நாளையும் வைப்பதே பெரிய ஆபத்து. உங்களை அறிந்தவர்கள் அவற்றை எளிதில் ஊகித்துவிடுவார்கள்.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். எனக்குச் சில நொடிகளில் இரகசியத்தைக் காட்டிய அதே கணனி, அதைத் திறந்து வைத்திருக்கும் எவருக்கும் காட்டும். திருத்தகத்தில் கொடுத்துவிட்டு வருபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். இந்த வழி உங்கள் சொந்தக் கணனிக்கும் சொந்த இணைப்புக்கும் மட்டுமே உரியது. பிறருடைய கணனிக்குள் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ்த் தண்டனைக்குரிய குற்றம்.

ஒவ்வொரு வீட்டிலும் எல்லாவற்றையும் ஒருவரே அறிந்திருக்கிறார். அவர் வெளிநாடு சென்றால், நோயுற்றால், மறைந்தால், மற்றவர்கள் இருளில் நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். ஆகவே புதிய கடவுச்சொல்லை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி, காணி உறுதி இருக்கும் அதே கோவைக்குள் வைத்தேன். இடத்தை மனைவிக்கும் மகளுக்கும் காட்டியும் விட்டேன்.

அன்று ஏழரை மணிக்குச் சகோதரியின் முகம் தெரிந்தது. வலியைப் பற்றி எதுவும் பேசவில்லை. "எங்கட கிணத்தில தண்ணி வத்தேல்லையே?" என்று கேட்டார். வற்றவில்லை என்றேன். அடுத்து ஊருக்குப் போகும்போது அதைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும்.