கடைசி ஆளிடமிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

மார்கழிக் குளிர் வருவதற்கு முன்பே என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கோல்ஃப் பேச்சு சூடு பிடித்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு ஊட்டியில் 3 நாள். பகலில் ஆட்டம், இரவில் கதை. வருடம் தவறாமல் போகிறார்கள். எந்த பேட்ச் என்று சொல்லமாட்டேன். ஊகித்துக்கொண்டு யாருக்கும் போன் போடாதீர்கள். இது பல குழுக்களில் நடப்பதுதான். உங்கள் குழுவிலும் நடக்கலாம்.

ஒவ்வொரு வருடமும் எனக்குக் குழுப் படம் அனுப்புவார்கள். வாத்தியார் புத்தி போகுமா? தலைகளை எண்ணினேன். முதல் படத்தில் 11 பேர், அடுத்ததில் 9, போன முறை 6. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஒருவருக்குப் பெண்ணின் பரீட்சை, ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் "காய்ச்சல்" என்று எழுதிய பல நாட்கள், உண்மையில் ஃபீஸ் கட்ட முடியாத நாட்கள் என்பது எனக்குத் தெரியும்.

வராமல் போனவர்களில் ஒருவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பெயர் போடாமல் எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அவர் சொன்னது: "சார், பணம் பத்தலைன்னு சொல்ல எனக்கு வெட்கம் இல்ல. ஆனா அவனுங்க ரிசார்ட் புக் பண்ணிட்டு, 'எல்லாரும் ஓகேவா'ன்னு கேக்குறானுங்க. அப்புறம் நான் வாயைத் திறந்தா, ட்ரிப்பைக் கெடுத்தவன் நான்னு ஆயிடும். அதான் லீவு இல்லைன்னு போட்டேன்."

இதில் கெட்டவர் யாரும் இல்லை. கேள்விகளைக் கேட்ட வரிசைதான் தப்பு. முதலில் இடம், பிறகு தேதி, பிறகு அறை, கடைசியில் "தலைக்கு இவ்வளவு வருது". எல்லாம் முடிவான பிறகு வரும் தொகைக்கு ஒரு மனிதன் சொல்லக்கூடிய பதில் இரண்டுதான். ஒன்று சரி, இன்னொன்று சாக்கு.

ஊட்டியில் சில வருடம் வேலை பார்த்தபோது கோல்ஃப் மைதானத்தின் ஓரமாக நடந்து பள்ளிக்குப் போனவன் நான். மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். விளையாடாத உறவினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயிப்பார். நன்றாக ஆடுபவரும் சுமாராக ஆடுபவரும் சேர்ந்து ஆடினால் முடிவு முன்பே தெரிந்துவிடும். அதற்காகத்தான் ஹேண்டிகேப் வைத்தார்கள். ஒருவருக்கு ஹேண்டிகேப் 10, அவர் 84 அடியில் முடிக்கிறார். கழித்தால் 74. இன்னொருவருக்கு 28, அவர் 101 அடி அடிக்கிறார். கழித்தால் 73. சுமாரான ஆட்டக்காரர்தான் ஜெயித்தார்! 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகேப் முறை வந்துவிட்டது. அதிகபட்சம் 54 வரை கொடுக்கலாம்.

பணக்காரர் ஆட்டம் என்று நாம் சொல்லும் ஆட்டத்துக்குள் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. அந்த ஆட்டத்தை ஆடப் போகும் பயணத்தில் அது ஏன் இல்லை? என் கேள்வி இதுதான்.

"சார், அவனுக்கும் சேர்த்து நாங்களே கட்டிடுறோமே" என்று சொல்வீர்கள். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் ஹேண்டிகேப் தர்மம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே, எல்லோருக்கும் ஒரே விதிப்படி அது கணக்கிடப்படுகிறது. 28 வாங்கியவர் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, தலை குனிவதும் இல்லை. நீங்கள் ஒருவருக்குப் பணம் கட்டினால், அன்றுவரை உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் உங்கள் விருந்தாளி ஆகிவிடுவார். விருந்தாளி "எனக்கு இந்த ஓட்டல் பிடிக்கல" என்று சொல்ல முடியுமா? ராத்திரி உங்களைக் கலாய்க்கத்தான் முடியுமா?

ஆகவே என் யோசனை. எல்லோருக்கும் நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த தொகையை அவருக்குத் தனியாகச் சொல்லட்டும். உதாரணத்துக்கு, ஒருவர் 40,000 என்கிறார், இன்னொருவர் 9,000 என்கிறார். யார் எவ்வளவு என்று அவர் வெளியே சொல்லக்கூடாது. "நம் பொதுச் செலவு 9,000-க்குள்" என்று மட்டும் குழுவில் போட வேண்டும். இடம், தேதி, அறை எல்லாம் அதற்குப் பிறகு.

9,000-க்குள் எப்படி என்று மலைக்க வேண்டாம். பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கிய பிறகு, வார நாளில் போங்கள். ரிசார்ட்டுக்குப் பதில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். ஆளுக்கொரு கார் வேண்டாம், ஒரே வேன் போதும். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால் ஒரே பாஸில் வேலையும் முடியும்.

ஆட்டத்தையும் பேராசையாகத் திட்டமிடாதீர்கள். ஜனவரியில் தலைகுந்தா, காந்தள் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழும். பனி உறைந்த புல்லை மிதித்தால் புல் நொறுங்கிக் கருகிவிடும். வெயில் ஏறிப் பனி கரைந்த பிறகுதான் ஆட வேண்டும். 18 குழி ஆடி முடிக்க 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 6 மணி தாண்டினால் இருட்டிவிடும். ஆக, ஒரு நாளைக்கு ஒரு ரவுண்டுதான்.

3 நாளில் ஒரு ரவுண்டு எல்லோரும் சேர்ந்து ஆடுவதாக இருக்கட்டும். 'ஸ்கிராம்பிள்' என்ற முறையில் அணியில் எல்லோரும் அடிப்பார்கள், நன்றாக விழுந்த பந்தின் இடத்திலிருந்து எல்லோரும் அடுத்த அடி அடிப்பார்கள். மட்டை பிடிக்கத் தெரியாதவர்கூட ஒரு நல்ல அடியால் அணியைக் காப்பாற்றலாம். இந்த ரவுண்டின் கட்டணம் பொதுச் செலவில் சேரட்டும். இன்னொரு ரவுண்டு, தீவிர ஆட்டக்காரர்கள் சொந்தச் செலவில் ஆடுவது. அந்த நேரத்தில் மற்றவர்கள் குன்னூருக்கு மலை ரயிலில் போய் வரலாம். மைதானத்தில் வெளியாட்களுக்கு இடம் உண்டா, எவ்வளவு கட்டணம் என்று கிளப்பில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. "எல்லாத்தையும் கூட்டி 8-ஆல வகுத்துடலாம்" என்ற பேச்சு வேண்டாம். லெமன் சோடா குடித்தவர் தலையிலும் விஸ்கி பில் விழும். வகுத்தல் சரிதான், நியாயம் தப்பு.

"வருஷம் பூரா உழைக்கிறோம், 3 நாள் வசதியா இருக்கக் கூடாதா?" என்றும் கேட்பீர்கள். தாராளமாக இருங்கள். அதற்குக் குடும்பத்தோடு தனியாக ஒரு பயணம் போங்கள், நானே வாழ்த்தி அனுப்புகிறேன். ஆனால் "நம்ம பசங்க ட்ரிப்" என்று பெயர் வைத்தால் பசங்க எல்லோரும் வருகிற மாதிரி இருக்க வேண்டும். மெத்தை கொஞ்சம் சுமாராக இருந்தால் மூன்று ராத்திரி முதுகு வலிக்கும். கூட்டாளி ஒருவர் விலகிப் போனால் திரும்ப வருவது கஷ்டம். உங்களுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது பிள்ளைகளே. புதிதாகப் பால்ய நண்பர்கள் இனிமேல் கிடைக்கமாட்டார்கள்.

இந்த வருடப் படத்திலும் தலைகளை எண்ணுவேன். மறக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் குழுவில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்